ஓடிஜியா, குக்கரா, கரியடுப்பா? வீட்டில் பார்பிக்யூ பன்றிக்கறி

தம்பி குடும்பம் கிறிஸ்துமசுக்கு சிங்கப்பூரிலிருந்து வருவதாக முடிவானதும், அவன் பெரிய மகள் போனைப் பிடுங்கிக் கேட்டது ஒன்றே ஒன்று. "அத்தை, உங்க ஊர்ல பார்பிக்யூ போர்க் பைட்ஸ் கிடைக்குமா?" கடையில் கிடைக்காது, வீட்டில் கிடைக்கும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை ஞாயிறுகள் முழுக்க எனக்கு அதே வேலைதான். ஒவ்வொரு தடவையும் ஒரு கிலோ கறி, ஒவ்வொரு தடவையும் ஒரு வழி. எது சரிப்பட்டது, எது காலை வாரியது, எதை யாருக்குச் சொல்லலாம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டு விருந்து இலையில் ஆடு, கோழி, காடை, நண்டு எல்லாம் வரும், பன்றிக்கறி வராது. காரைக்குடிப் பக்கம் அது எங்களைப் போன்ற கிறிஸ்தவ வீடுகளின் பண்டிகைச் சமையல். பிடித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை வாங்கிப் போவார்கள். செய்வதும் மிளகு வறுவல், இல்லாவிட்டால் சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய் மட்டும் போட்ட உப்புக்கறி. இனிப்பும் புளிப்புமாக, பளபளவென்று, கையில் எடுத்துக் கடிக்கிற மாதிரி பன்றிக்கறியை எங்கள் அப்பத்தா பார்த்ததே கிடையாது. முதல் தட்டைப் பார்த்ததும், "ஏத்தா, கறியில பாகு ஊத்துனியா?" என்றாள்.

பாகுதான். ஆனால் அது கடைசி இருபது நிமிட விஷயம். அதற்கு முன்னால் இந்தப் பண்டம் என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் எந்த அடுப்பு என்கிற முடிவு அதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் கான்சஸ் சிட்டி என்ற ஊர் மாட்டு நெஞ்சுக்கறியை மணிக்கணக்காகப் புகையில் வேகவைப்பதற்குப் பெயர் போனது. அந்தப் பாளத்தின் ஓரத்தில் கருகி இறுகிய துணுக்குகளை வெட்டி ஒதுக்கி, வருகிறவர்கள் சும்மா எடுத்துக்கொள்ள விட்டார்கள். போகப் போக அந்த ஓரத்துக்குத்தான் கிராக்கி. எங்கள் வீட்டில் வறுவல் முடிந்த சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டினால், பிள்ளைகள் கறியை விட்டுவிட்டுச் சட்டிக்கு அடித்துக்கொள்வார்களே, அதே கதைதான். அந்த ஓரத்து ருசியைப் பன்றியின் வயிற்றுக்கறியில் வேண்டுமென்றே வரவழைப்பதுதான் இன்று எல்லோரும் செய்கிற பார்பிக்யூ பைட்ஸ். ஆக, வேண்டியது மூன்று. உள்ளே மெத்தென்று இருக்க வேண்டும், மேலே பசையும் ஓரக் கருகலும் வேண்டும், எங்கோ கொஞ்சம் புகைவாசம் வேண்டும்.

இதில் முதலாவதுதான் பலரைக் கவிழ்க்கிறது. பன்றிக்கறி முழுத் துண்டாக இருந்தால், உள்ளே 63 டிகிரியைத் தொட்டு மூன்று நிமிடம் இருந்தால் வெந்துவிட்டது என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. ஆனால் வெந்தது வேறு, மெத்தென்று ஆனது வேறு. தசையைக் கட்டிப்பிடித்திருக்கும் கொலாஜன் என்கிற சவ்வு 70 டிகிரிக்கு மேல்தான் மெதுவாக இளக ஆரம்பிக்கும். 90ஐ நெருங்கி அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தால்தான் பிசினாக மாறும். ஆட்டுக்கால் சூப் ஆறினால் கட்டி தட்டுமே, அந்தப் பிசின். எந்த அடுப்பாக இருந்தாலும் கறியை அந்தச் சூட்டில் காயவிடாமல் நிறுத்திவைக்க முடியுமா என்பதே கேள்வி.

எந்த இடத்துக் கறி

எங்கள் கடையில் பன்றிக்கறி கலந்துதான் வரும். கால், வயிறு, விலா என்று பிரிக்காமல், தோலோடு புளியமரக் கட்டையில் வைத்துக் கொத்தித் தருவார்கள். வறுவலுக்கு அது சரி. இதற்கு ஆகாது. காலையில் கூட்டம் சேர்வதற்கு முன்னால் போய், "அண்ணே, கொத்த வேண்டாம், பாளமா அறுத்துக் குடுங்க" என்று கேட்க வேண்டும். முதல் வாரம் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மூன்றாம் வாரம், "பாளம் எடுத்து வச்சிருக்கேன்க்கா" என்றார்.

வயிற்றுக்கறி என்பது கறியும் கொழுப்பும் மாறி மாறி அடுக்காக இருப்பது. தவறு செய்தாலும் மன்னிக்கிற கறி; கால் மணி கூடப்போனாலும் காயாது. ஆனால் நாலு துண்டுக்கு மேல் திகட்டும், ஆறினால் கொழுப்பு வெள்ளையாக உறைந்து நாக்கில் ஒட்டும். முன்னங்காலுக்கு மேலே உள்ள தோள்கறியில் கொழுப்பு குறைவு, சவ்வு அதிகம். பொறுமையாக வேகவைத்தால் நார் நாராகப் பிரியாமல், ஆனால் பல்லுக்கு வேலையே வைக்காமல் வரும். தொடைக்கறி பார்க்க அழகாக, சிவப்பாக, கொழுப்பில்லாமல் இருக்கும். கடைக்காரரே அதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வார். இதற்கு அது வேண்டாம். சவ்வும் கொழுப்பும் குறைவு என்பதால் 90 டிகிரிக்குக் கொண்டுபோனால் உப்புக்கண்டம் மாதிரி ஆகிவிடும். உப்புக்கண்டத்துக்கு அது பெருமை, இதற்கு இல்லை.

என் தராசில் ஒரு கிலோ வயிற்றுக்கறி வெந்து முடிந்தபோது 570 கிராம், தோள்கறி 640. பெரியவர்கள் இருக்கிற வீட்டுக்குத் தோள்கறிதான் என் தேர்வு. இளவட்டம் மட்டும் கூடினால் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். தோலை எப்படியானாலும் உரித்துவிடுங்கள். மூடி வேகவைத்து மேலே பாகும் தடவினால் தோல் மொறுமொறுவென்று ஆகவே ஆகாது, ரப்பர்தான். தோலைத் தனியாக எடுத்துவைத்தால் மறுநாள் வறுவலுக்கு ஆகும். துண்டு ஒன்றரை அங்குலம் இருக்கட்டும். வெந்தால் ஓரங்குலத்துக்கு வந்துவிடும்.

கரியடுப்பு

பெயரிலேயே பார்பிக்யூ இருக்கிறது, அப்படியானால் கரிதானே முறை என்று நினைத்து முதலில் மொட்டைமாடிக்குப் போனேன். ஐப்பசி மாதம். மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே கரியை விசிறினேன். கரி சாம்பல் பூத்து வர முக்கால் மணி. கம்பியில் கோத்து மேலே வைத்ததும் கொழுப்பு சொட்டி, ஒவ்வொரு சொட்டுக்கும் தீ குபீரென்று எழும்பியது. வெல்லம் கலந்த மசாலா பத்து நிமிடத்தில் கரி. வெளியே கறுப்பு, உள்ளே வெந்திருந்தது, ஆனால் கடித்தால் இழுவை. வீட்டுக்காரர் ஒரு துண்டை மென்றுகொண்டே செய்தி முழுவதையும் பார்த்து முடித்தார்.

தப்பு கரியில் இல்லை. நம்மூரில் பார்பிக்யூ என்று விற்பது பெரும்பாலும் கிரில்: நேர் தணலில், அதிகச் சூட்டில், சீக்கிரம் சுடுவது. கோழிக்கு அது போதும். அமெரிக்கர்கள் பார்பிக்யூ என்று சொல்வது 110 முதல் 135 டிகிரியில், மூடியபடி, தணலுக்கு நேர்மேலே வைக்காமல், புகையில் பல மணி நேரம் விடுவது. அதற்கு மூடியுள்ள அடுப்பு வேண்டும், நடுநடுவே கரி போட ஒரு ஆள் வேண்டும். அந்த அடுப்பும் ஓய்வான ஒரு நாளும் இருந்தால் கரியை எதனாலும் ஜெயிக்க முடியாது. எனக்கு இரண்டும் இல்லை. இன்னொன்றும் உண்டு. திறந்த தணலில் வெளித்தோற்றத்தை வைத்து உள்ளே வெந்ததைக் கணிக்க முடியாது. பன்றிக்கறியில் நாடாப்புழுப் பயம் இருப்பதால் அரைவேக்காட்டுக்கு அங்கே இடமே இல்லை.

இரும்புச் சட்டியைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. நல்லெண்ணெயில் ஒன்றரை மணி நேரம் சிறுதீயில் பிரட்டினால் அருமையான வறுவல் வரும். நான் தினமும் சாப்பிடத் தயார். ஆனால் அது வறுவல், பைட்ஸ் இல்லை.

ஏர் ஃபிரையர் என் நாத்தனார் வீட்டில் இருக்கிறது. 180 டிகிரி, இருபத்தைந்து நிமிடம். வயிற்றுக்கறி வெளியே மொறுவலாக, உண்மையிலேயே நன்றாக வந்தது. தோள்கறி காய்ந்து போனது. சவ்வு இளக நேரமே கிடைக்கவில்லை, உலர்ந்த காற்று வேறு சுற்றிச் சுற்றி அடிக்கிறது. கூடையில் துண்டுகளை ஒட்டாமல் பரப்பினால் 400 கிராமுக்கு மேல் கொள்ளாது. இரண்டு பேர் வீட்டுக்கு, வயிற்றுக்கறிக்கு மட்டும் ஏர் ஃபிரையர் போதும். அதற்காகப் புதிதாக வாங்க வேண்டாம்.

குக்கரும் ஓடிஜியும் சேர்ந்து

ஆக, போட்டி இரண்டுக்கு நடுவில் வந்து நின்றது. குக்கரில் வேகவைத்து ஓடிஜியில் (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த கரண்ட் அடுப்பு) முடிப்பதா, ஆரம்பம் முதல் ஓடிஜியா? ஓவன் என்பதைத் தமிழில் 'அவன்' என்று எழுதினால் யாரோ ஒரு ஆளைச் சொல்வது மாதிரி இருக்கிறது. "அவனில் வைத்து இரண்டு மணி நேரம் விடுங்கள்" என்று எழுத எனக்கே கூச்சம். எனவே ஓடிஜி.

குக்கர் வெயிட் போட்ட பிறகு உள்ளே ஏறத்தாழ 120 டிகிரி. சவ்வை அது இருபது நிமிடத்தில் இளக்கிவிடும். ஒரு கிலோவுக்குக் கால் டம்ளர் தண்ணீர், உப்பு, மஞ்சள், தட்டிய பூண்டு. ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து இருபது நிமிடம். ஆவி தானாக அடங்க வேண்டும். அவசரத்தில் வெயிட்டைத் தூக்கினால் கறிக்குள் இருக்கும் நீரும் கொதித்து வெளியே வந்து துண்டு நார்நாராகிவிடும். அப்புறம் வடிகட்டி, தட்டில் பரப்பி, ஃபேன் காற்றில் அரை மணி. இந்த அரை மணியை விடக்கூடாது. மேற்பரப்பு ஈரமாக இருந்தால், அந்த ஈரம் வற்றுகிறவரை கறி 100 டிகிரியைத் தாண்டாது. சிவக்க வேண்டுமென்றால் 140க்கு மேல் போக வேண்டும். காய்ந்த துண்டை 220 டிகிரியில் கால் மணி வைத்து, சாஸ் தடவி இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம். எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் மணி, அதில் ஓடிஜி ஓடுவது அரை மணிதான்.

ருசி? குறை சொல்ல மாட்டேன். மெத்தென்று இருக்கிறது, பசை இருக்கிறது. ஆனால் துண்டின் மூலைகள் குக்கரில் உருண்டு மழுங்கிவிடுகின்றன. கருகலுக்குப் பிடிமானமே அந்த மூலைதான். கறியின் சாரம் பாதி தண்ணீருக்குப் போய்விடுகிறது. இதற்கு ஒரு பரிகாரம் கண்டேன்: அந்தத் தண்ணீரைக் கொட்டாமல், மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, நாலு கரண்டி அளவுக்கு வற்றவைத்து சாஸில் கலந்துவிட்டேன். போன ருசியில் பாதி திரும்பி வந்தது.

ஓடிஜி மட்டும்

இதுதான் நான் கடைசியில் பிடித்துக்கொண்ட வழி. ஆகவே கொஞ்சம் விரிவாக.

முதல் நாள் இரவே ஒரு கிலோவுக்கு 12 கிராம் உப்பு, அதாவது தலைதட்டி இரண்டு டீஸ்பூன், மசாலாத்தூளோடு பிசிறி பிரிட்ஜில் வைத்துவிடுவேன். தயிர் வேண்டாம், எலுமிச்சை வேண்டாம். காலையில் ஓடிஜியை 150 டிகிரியில், மேல் கீழ் இரண்டு கம்பியும் எரியும்படி, கால் மணி நேரம் சூடாக்க வேண்டும். ஆழமான தட்டில் வாட்டிய வாழையிலையை விரித்து, கறியை ஒரே அடுக்காகப் பரப்பி, நாலு கரண்டி தண்ணீர் தெளித்து, மூட வேண்டும். அலுமினியத் தாளில் மூடலாம். ஆனால் கறியில் புளியோ தக்காளியோ இருந்து அது தாளில் படும்படி மூடினால் தாள் பொத்தல் பொத்தலாக அரித்துப் போகும். நான் மூடுவது அளவாகப் பொருந்துகிற ஒரு எவர்சில்வர் தட்டால். ஒன்றரை மணி நேரம் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

திறக்கும்போது பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். சாம்பல் நிறத்தில், சாறில் மிதந்துகொண்டு, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி. பயப்பட வேண்டாம். ஒரு துண்டை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள்: நன்றாக ஊறிய இட்லி மாதிரி அமுங்கி, விட்டால் மெதுவாக எழும்ப வேண்டும். எதிர்த்தால் இன்னும் கால் மணி. சாறை வடித்துத் தனியே வைத்துவிட்டு, துண்டுகளைக் கம்பித் தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, 200 டிகிரியில் மூடாமல் கால் மணி. இப்போதுதான் ஓரம் சிவக்கும். பிறகு சாஸ் தடவிப் பத்து நிமிடம், புரட்டி மறுபடி தடவி எட்டு நிமிடம். கடைசி எட்டு நிமிடம் கண்ணாடியை விட்டு நகரக்கூடாது. சாஸ் முதலில் நுரைக்கும், அப்புறம் குமிழ் பெரிதாகி மெதுவாக வெடிக்கும், அப்புறம் ஓரத்தில் கறுப்பு தொடங்கும். குமிழ் பெரிதாகிற கட்டத்தில் அணைத்தால் சரியாக இருக்கும்.

இனிப்பைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும் என்பதை அனுபவித்துத்தான் கற்றேன். இரண்டாம் ஞாயிறு கருப்பட்டியை முதலிலேயே மசாலாவோடு பிசிறி, மூடாமல் 180 டிகிரியில் வைத்தேன். நாற்பது நிமிடத்தில் அடுப்படி முழுக்கப் புகை, தட்டில் தார். அந்தத் தட்டை இரண்டு நாள் ஊறவைத்துச் சுரண்டினேன்.

இன்னொரு புகையும் உண்டு, அது கொழுப்புப் புகை. கம்பித் தட்டில் அடுக்கியதும் கீழே சொட்டுகிற கொழுப்பு நேரே அடிக் கம்பியில் விழுந்தால் அவ்வளவுதான். கீழே ஒரு தட்டை வைத்து, அதில் அரை அங்குலம் தண்ணீர் ஊற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

ஓடிஜி வாங்காதவர்களுக்கு: 28, 30 லிட்டர் அளவு போதும். இதைவிடச் சிறிதில் கறி மேல் கம்பிக்கு மிகக் கிட்டப் போய் மேலே கருகும். எனக்கு வந்தது 1600 வாட். கொண்டுவந்து வைத்த கடை ஆள், டிவி பிளக்கில் செருகி, "ஓடுது பாருங்கக்கா" என்று காட்டிவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் நாள் பிளக் இளகி நாற்றம். 1600 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 7 ஆம்பியர். சாதாரண பிளக் பாயிண்ட் தாங்குவது 6. கீசர் போடுகிற 16 ஆம்பியர் பாயிண்டில்தான் போட வேண்டும். பழைய வீடுகளில் அடுப்படியில் அது இருக்காது. எலக்ட்ரீஷியனை வரவழைக்கும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் எங்கள் தெருவில் வோல்ட்டேஜ் இறங்கும். 190க்கு வந்தால் ஓடிஜியின் சூடு சமஅளவில் குறையாது, அதைவிட அதிகமாகக் குறையும். 1600 வாட் 1100க்குக் கிட்டே வந்துவிடும். எனவே இந்தச் சமையல் பகலில். அதோடு, என் ஓடிஜியின் திருகில் 150 என்று வைத்தால் உள்ளே 170 இருக்கிறது. சில நூறு ரூபாய்க்கு உள்ளே தொங்கவிடுகிற வெப்பமானி வாங்கி வைத்த பிறகுதான் தெரிந்தது, முதல் இரண்டு தடவை ஏன் சீக்கிரம் காய்ந்தது என்று. கரண்ட் செலவைப் பற்றிப் பயம் வேண்டாம். இரண்டே கால் மணி ஓட்டத்துக்கு மீட்டரில் இரண்டு யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் ஓடியது. சூடு ஏறியதும் அது அணைந்து அணைந்து எரிகிறது அல்லவா.

பாட்டில் சாஸா, வீட்டுச் சாஸா

பாட்டில் சாஸ் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கிறது. லேபிளைத் திருப்பிப் பாருங்கள்: எடை அதிகமான பொருளை முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. நான் பார்த்த பாட்டில்களில் முதலிடம் சர்க்கரைக்குத்தான். குழந்தைகளுக்குப் பிடிக்கும். அவசரத்துக்கு அதில் இரண்டு கரண்டி புளித்தண்ணீரும் மிளகுத்தூளும் கலந்து கொதிக்கவைத்தால் தலை நிமிர்ந்துவிடும்.

அமெரிக்காவிலேயே சாஸ் ஊருக்கு ஊர் மாறுகிறது. கான்சஸ் சிட்டியில் தக்காளியும் கரும்புப் பாகும் போட்டுக் கெட்டியாக, வடக்குக் கரோலினாவில் வினிகரும் மிளகாயுமாகத் தண்ணீராக, தெற்குக் கரோலினாவில் கடுகு அரைத்து மஞ்சளாக. அதைப் படித்ததும் எனக்குத் தைரியம் வந்தது. கரும்புப் பாகு இருக்கிற இடத்தில் கருப்பட்டி, வினிகர் இருக்கிற இடத்தில் புளி. இரண்டும் வீட்டில் இருக்கிறது.

ஒரு கிலோவுக்கு நான் செய்வது: எலுமிச்சை அளவு புளி, நூறு கிராம் கருப்பட்டி, மூன்று தக்காளி, பத்துச் சின்ன வெங்காயம், எட்டுப் பல் பூண்டு, ஆறேழு குண்டு மிளகாய். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி சிரட்டையில் ஊற்றி எடுத்த அரைவட்டமாக வரும். அதைத் தட்டி நேரே போட்டால் பல்லில் மணல் நெறுநெறுக்கும். அரை டம்ளர் வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, ஐந்து நிமிடம் தெளியவிட்டு, அடியில் தங்குகிற கடைசிக் கரண்டியைக் கொட்டிவிட வேண்டும். குண்டு மிளகாயை விதை உதிர்த்து ஊறவைத்து, வதக்கிய வெங்காயம், பூண்டு, தக்காளியோடு அரைத்து, இரண்டு கரண்டி நல்லெண்ணெயில் பச்சை வாசம் போக வதக்கி, புளிக்கரைசலும் கருப்பட்டிப் பாகும் ஊற்றி வற்றவிட வேண்டும். வடித்துவைத்த கறிச்சாறையும் கொழுப்பை எடுத்துவிட்டு இதிலே சேர்த்துவிடலாம். கரண்டியின் முதுகில் விரலால் கோடு கிழித்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். குண்டு மிளகாய் ராமநாதபுரத்துச் சரக்காக இருந்தால் நிறமும் உறைப்பும் தானாக வரும். நீட்டு மிளகாயென்றால் ஒன்றிரண்டைக் குறையுங்கள்.

மசாலாத்தூளில்தான் கை அடங்க வேண்டும். செட்டிநாட்டு பார்பிக்யூ என்று எழுதிப் போட்டுவிட்டு, பட்டை, கிராம்பு, ஏலம், அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு என்று டப்பாவையே கவிழ்க்கிறார்கள். கறிக்குழம்பில் அவை ஒன்றோடொன்று கலந்து அடங்கும். இரண்டு மணி நேரம் ஓடிஜியில் நிற்கிற கறியில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும், கிராம்பு பல்வலி மருந்து மாதிரி. நான் போடுவது மிளகு, சோம்பு, வரமல்லி. அப்புறம் கல்பாசி.

புகைவாசம் எங்கிருந்து

ஓடிஜியில் புகை கிடையாது. அதுதான் அதன் ஒரே பெரிய குறை. புகையைத் திரவமாக்கி பாட்டிலில் விற்கிறார்கள், தம்பி வாங்கி வருவதாகச் சொன்னான். ஒரு சொட்டு கூடினால் வாய் முழுக்க அடுப்புக்கரி. மதுரையில் வாங்கிய, புகை ஏற்றிய மிளகாய்த்தூள் பரவாயில்லை, ஆனால் விலைக்குத் தகுந்த வாசம் இல்லை.

கல்பாசி நினைவுக்கு வந்தது தற்செயல். உப்புக்கறியோ குழம்போ தாளிக்கும்போது, சூடான எண்ணெயில் கல்பாசி விழுந்ததும் ஒரு வாசம் எழும்புமே, மழை நனைந்த விறகு எரிகிற மாதிரி. கையில் எடுத்து முகர்ந்தால் ஒன்றும் இருக்காது, சூட்டில்தான் பேசும். பாசியும் பூஞ்சையும் சேர்ந்து பாறையிலும் மரத்திலும் படர்கிற ஒன்று அது. தூசி நிறைய இருக்கும், பொறுக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். வெறும் சட்டியில் அரை நிமிடம் வாட்டிப் பொடித்து, ஒரு கிலோவுக்கு அரை டீஸ்பூன் மசாலாவில் சேர்த்தேன். கூடினால் கசக்கும், எனவே அரைக்கு மேல் போகவில்லை. அன்றைக்கு வீட்டுக்காரர் கேட்டது: "மாடியில கரி போட்டியா?"

இன்னும் கொஞ்சம் நிஜப் புகை வேண்டுமென்றால் கொட்டாங்கச்சி. ஒரு துண்டைக் கேஸ் தீயில் காட்டித் தணலாக்கி, சின்னக் கிண்ணத்தில் வைத்து, தட்டின் நடுவில் இறக்கி, மேலே பன்றிக்கொழுப்பு நாலு சொட்டு. புகை எழும்பியதும் பெரிய பாத்திரத்தைக் கவிழ்த்து மூடி ஐந்து நிமிடம். சாஸ் தடவுவதற்கு முன்னால், கறி சூடாக இருக்கும்போதே செய்தால் பிடிக்கும். இதைப் பின்கட்டிலோ திறந்த இடத்திலோ செய்யுங்கள். சன்னல் சாத்திய அடுப்படியில் தணல் வைக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் விட்டால் கசப்பு ஏறும், ஒரு தடவை ஏறியது.

கரியடுப்பின் புகை நூறு என்றால் கல்பாசியும் கொட்டாங்கச்சியும் சேர்ந்து ஐம்பது தரும். இரண்டு பக்கமும் உட்கார்ந்து சாப்பிட்டவள் என்கிற முறையில் சொல்கிறேன், அந்த மிச்ச ஐம்பதுக்காக நான் மழையில் விசிறத் தயாராக இல்லை.

ஆக, யாருக்கு எது? ஒரு ஞாயிறு முழுக்க கையில் இருந்தால், ஓடிஜி மட்டும், தோள்கறி, வீட்டுச் சாஸ். வேலைக்குப் போய்விட்டு வந்து சமைப்பவர்களுக்குக் குக்கரும் ஓடிஜியும். அந்தத் தண்ணீரை மட்டும் கொட்டிவிடாதீர்கள். ஓடிஜியே இல்லாதவர்கள் இதற்காக ஒன்று வாங்குவதற்கு முன்னால், கேக், பிஸ்கட், பன் என்று வேறு எதற்காவது வாரம் ஒருமுறையாவது பயன்படுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். பயன்படாது என்றால் இரும்புச் சட்டியில் வறுவல் செய்து, அதே சாஸை கடைசியில் ஊற்றிப் பிரட்டிவிடுங்கள். பைட்ஸ் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், மீதியும் வைக்க மாட்டார்கள்.

கிறிஸ்துமசுக்கு நாங்கள் பதினோரு பேர், மூன்று கிலோ. என் ஓடிஜியில் ஒரே அடுக்காக ஒரு கிலோவுக்கு மேல் கொள்ளாது. இரண்டு அடுக்காக வைத்துப் பார்த்தேன், கீழ் அடுக்கு வெறும் குழம்புக்கறி ஆகிவிட்டது. அதனால் 23ஆம் தேதியே மூன்று தடவையாக மூடி வேகவைக்கும் வேலையை முடித்து, சாறோடு பிரிட்ஜில் வைத்துவிடுவேன். குளிர்ந்ததும் கொழுப்பு மேலே தகடாக உறைந்து நிற்கும். எடுத்துப் போடுவது சுலபம். குளிர்ந்த துண்டுக்கு மூலையும் நன்றாக நிற்கிறது, சூடாகத் தொடர்வதைவிட இதுவே மேல் என்று தோன்றுகிறது. இருபத்தைந்தாம் தேதி பூசை முடிந்து வந்ததும் சிவக்கவைப்பதும் சாஸும் மட்டும். தட்டுக்கு நாற்பது நிமிடம், முதல் தட்டைத் தின்று முடிப்பதற்குள் இரண்டாவது வந்துவிடும்.

நேற்றுத் தம்பி மறுபடி போன் செய்தான். "அக்கா, அந்தப் புகை பாட்டில் ரெண்டு வாங்கிட்டு வரவா?" வேண்டாம், கறியில் குத்திப் பார்க்கிற வெப்பமானி ஒன்று வாங்கி வா என்றேன். பின்னாலிருந்து அப்பத்தா சத்தமாகக் கேட்டாள், கருப்பட்டி அங்கே என்ன விலை என்று.